துடைக்கும் துணியின் வரலாறு



அரசர்கள் போரிட்ட வரலாற்றையும் பேரரசுகள் எழுந்து வீழ்ந்த வரலாற்றையும் நீங்கள் பாட நூல்களில் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப் புகுவது அத்தகைய பெருங்கதை அன்று. மோட்டார் வண்டியைத் துடைக்கும் துணியின் வரலாறு அது. துணிக்கும் ஒரு வரலாறா என்று சிலர் நகைக்கலாம். சேமித்த பொருளையெல்லாம் போட்டு ஒரு வண்டி வாங்கி, அதனை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் அவர் அதனை அன்போடு துடைக்கிறார். ஓராண்டு சென்றதும் வண்டியை வெயிலில் நிறுத்திப் பார்த்தால், சிலந்தி வலை பின்னியது போன்ற மெல்லிய கீறல்கள் பூச்செங்கும் தெரிகின்றன. கீறியவர் பகைவர் அல்லர், துடைத்தவரே. அன்போடு செய்த செயல் கேடாக முடிந்தது எவ்வாறு?

குற்றம் துணியினுடையது மட்டும் அன்று. துணிக்கும் பூச்சுக்கும் இடையில் அகப்பட்ட தூசியே முதற்குற்றவாளி. 1812-ஆம் ஆண்டில் ஃபிரீட்ரிக் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர், கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். வைரத்திற்குப் பத்து. தெரு மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸ் என்னும் கல்லுக்கு ஏழு. கத்தியின் எஃகுக்கோ ஏறத்தாழ ஐந்தரைதான். எஃகையே கீறவல்ல மணல், வண்டியின் மேற்பூச்சை என்ன செய்யாது? ஆகவே, நல்ல துணி என்பது மென்மையான துணி மட்டும் அன்று; தூசியைத் தன்னுள் வாங்கிக்கொண்டு, பூச்சின்மேல் அதனை உருட்டாத துணியே நல்ல துணி. இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் செல்வோம்.

மோட்டார் தோன்றுமுன் ஐரோப்பாவில் குதிரை வண்டிகள் இருந்தன. செல்வர்களின் சாரட்டுகளுக்கு ஆளி விதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்த்துக் காய்ச்சிய வார்னிஷைப் பல முறை பூசுவார்கள். ஒவ்வொரு பூச்சும் உலரும் வரை காத்திருந்து, நுரைக்கல் பொடியும் நீரும் கொண்டு தேய்த்து மெருகேற்றுவார்கள். இந்த வேலை வாரக் கணக்கில் நடக்கும். இத்தனை உழைப்பைக் காக்க வேண்டிய வண்டிக்காரர்கள் ஒரு நல்ல விதியைக் கைக்கொண்டனர். சேற்றை உலரவிட்டுத் தேய்த்தல் கூடாது. முதலில் நிறைய நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். அதன் பின்னரே ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். ஒற்றுவதற்கு அவர்கள் கையாண்டது ‘ஷாமி’ என்னும் மலையாட்டின் பெயரால் வழங்கும் தோல். மீனெண்ணெய் ஊட்டிப் பதப்படுத்திய அந்தத் தோல் நீரை நன்றாக உறிஞ்சும். பிற்காலத்தில் செம்மறியாட்டுத் தோலே அப்பெயரால் விற்கப்பட்டது.

அதே நூற்றாண்டில் துணியிலும் ஒரு புதுமை விளைந்தது. ஹென்றி கிறிஸ்டி என்னும் ஆங்கிலேயர் 1850-ஆம் ஆண்டு வாக்கில் துருக்கிக்குச் சென்றார். அங்கே, பாவிலிருந்து சிறு சிறு வளையங்கள் எழும்பி நிற்கும்படி கையால் நெய்த துண்டுகளைக் கண்டு, மாதிரி கொண்டு வந்தார். அவர் குடும்பத்தின் ஆலையில் பணியாற்றிய சாமுவேல் ஹோல்ட் அந்த நெசவுக்கு ஏற்ற இயந்திரத்தை அமைத்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் அத்துண்டு மக்கள் பார்வைக்கு வந்தது. துருவிய தேங்காயைத் தூவியது போன்ற அதன் தோற்றத்தைக் கண்டு நம் மக்கள் அதற்குத் ‘தேங்காய்ப்பூத் துண்டு’ என்று பெயரிட்டனர். எவ்வளவு அழகிய பெயர்! அந்த வளையங்களே அதன் சிறப்பு. தட்டையான துணி தூசியைத் தன் முகத்தில் தாங்கித் தேய்க்கும். வளையங்கள் உள்ள துணியோ தூசி ஒதுங்க இடம் கொடுக்கும்.

இனிப் பூச்சின் கதை. 1913-இல் ஃபோர்டு தம் தொழிற்சாலையில் நகரும் வரிசை முறையைப் புகுத்தி வண்டிகளை விரைந்து செய்தார். 1914 முதல் 1925 வரை அவருடைய ‘டி’ மாதிரி வண்டிகள் கறுப்பு நிறம் ஒன்றிலேயே வந்தன. 1923-இல் டூபாண்ட் நிறுவனத்தாரின் ‘டூகோ’ பூச்சு வெளிவந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்டு வண்டிகள் அதனைப் பூசிக்கொண்டு நீல நிறத்தில் பொலிந்தன. அது மிக விரைவில் உலர்ந்தது. பல நிற வண்டிகள் தெருவுக்கு வந்தன. அந்தப் பூச்சின் மூலப்பொருள் எது தெரியுமா? நைட்ரிக் அமிலத்தால் மாற்றப்பட்ட பருத்தி! பருத்தியால் ஆன பூச்சைப் பருத்தித் துணியால் துடைத்தார்கள் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பின்னர், நிறப் பூச்சின்மேல் நிறமற்ற தெளிந்த பூச்சு ஒன்றைப் போடும் முறை 1980-களில் பரவியது. கண்ணாடி போன்ற அதன் கனம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மைக்ரான்தான். அதாவது ஒரு தலைமயிரின் பருமனுக்கும் குறைவு. கீறலை மெருகேற்றி நீக்கலாமே என்பர் சிலர். மெருகேற்றுவது என்பது கீறலின் ஆழம் வரை சுற்றியுள்ள பூச்சையும் தேய்த்து எடுப்பதே. சில முறை அவ்வாறு செய்தால், காக்க வேண்டிய பூச்சே இராது. ஆதலால் கீறிய பின் ஆற்றுவதினும் கீறாமற் காப்பதே அறிவு.

இதற்குத் துணையாக வந்தது ஜப்பானியர் கண்ட நுண்ணிழை. டோரே நிறுவனத்தின் மியோஷி ஒகமோட்டோ என்னும் விஞ்ஞானி 1970-இல் மிக நுண்ணிய செயற்கை இழைகளால் மெல்லிய தோல் போன்ற துணியைப் படைத்தார். ஒன்பதாயிரம் மீட்டர் நீள இழை ஒரு கிராம் எடையிருந்தால் அதனை ஒரு டெனியர் என்பர். நுண்ணிழை அதனினும் மெல்லியது. பாலியெஸ்டரையும் நைலானையும் ஓரிழையாக்கிப் பின் அதனைப் பிளந்துவிட்டால், இடையிடையே நுண்ணிய பிளவுகள் தோன்றும். நீரும் தூசியும் அப்பிளவுகளில் புகுந்துகொள்ளும்.

ஆயினும் நுண்ணிழை என்ற பெயரைக் கண்டு மட்டும் வாங்கலாகாது. துணியின்மேல் ஒரு துளி நீர் விடுங்கள். உறிஞ்சாமல் தள்ளினால் இழை சரிவரப் பிளக்கப்படவில்லை என்று கொள்க. ஓரத் தையல் முரடாக இருத்தல் கூடாது. விலைச்சீட்டை நீக்கிவிட வேண்டும். ஈரம் ஒற்ற அடர்ந்த துணியும், மெழுகு துடைக்கக் குட்டை இழைத் துணியும் ஏற்றவை. சக்கரத்தில் பிரேக்கின் இரும்புத் துகள் படிந்திருக்கும். அதைத் துடைத்த துணி பூச்சை அணுகக் கூடாது. துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும்; ஒன்று அழுக்கானதும் மற்றொன்றைத் திருப்பிக்கொள்ளலாம். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் தொடலாகாது. துவைக்கும்போதும் பருத்தித் துணிகளோடு சேர்த்தல் வேண்டா, பஞ்சு ஒட்டிக்கொள்ளும். ஒன்றையும் மறத்தலாகாது: இவை செயற்கை இழைகள், துவைக்குந்தோறும் நுண்ணிய துகள்களாக உதிர்ந்து நீரோடு கலப்பவை. வேண்டிய அளவே வாங்கி நெடுநாள் பேணுவதே நலம்.

தோல் போய்த் தேங்காய்ப்பூத் துண்டு வந்தது. அதன்பின் நுண்ணிழை வந்தது. நாளை வேறொன்று வரலாம். ஆனால் முதலில் நீரால் தூசியை அகற்றுக, பின்னர் மெல்ல ஒற்றுக என்ற பழைய சாரட்டுக்காரரின் விதி மட்டும் மாறவில்லை. கருவிகள் புதியனவாக வரும்போது, அவற்றின் பின்னுள்ள காரணத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள்.