முத்துப்பிள்ளை

ஓசூரில் என் பழைய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் மகள் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே கர்ப்பம் கலைந்துவிட்டது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பின்னர் ஒருநாள் வேளை தவறி உதிரப்போக்கு கண்டது. டாக்டரம்மாள் கருப்பையிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து, அத்திப்பள்ளி எல்லைக்கு அப்பால் பெங்களூருக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் அதையே நினைத்தார்கள்.

நான் போயிருந்த அன்றுதான் முடிவு வந்தது. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் தங்கிப்போன சிறு முடிச்சு, தீங்கற்றது, சிகிச்சை தேவையில்லை.

"முத்துப்பிள்ளையோ?" என்றாள் பாட்டி.

"மாமா, தீங்கில்லை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?" என்றாள் அந்தப் பெண்.

நியாயமான கேள்விதான். பாட்டி சொன்ன முத்துப்பிள்ளை வேறு. அதில் குழந்தைக்குப் பதிலாக, திராட்சைக் குலைபோல் நீர்க்கொப்புளங்கள் வளரும். 1276-ல் ஹாலந்தில் ஒரு சீமாட்டி 365 பிள்ளைகள் பெற்றாள், அது சாபத்தின் பலன் என்று ஒரு கதை உண்டு. அது முத்துப்பிள்ளையாகத்தான் இருக்கும் என்று பிற்கால வைத்தியர்கள் பலர் கருதினார்கள். பாவம், அவள் பட்ட துன்பம் போதாதென்று சாபப் பழி வேறு!

அந்தக் கொப்புளங்கள் நஞ்சுக்கொடியின் இழைகள் வீங்கியவையே என்று 1827-ல் பிரான்ஸில் மாரி புவாவேன் என்ற மருத்துவப் பெண்மணி காட்டினாள். கர்ப்பத்துக்குப் பின் சிலருக்கு வரும் கொடிய புற்றுநோயும் நஞ்சுக்கொடியின் உயிரணுக்களிலிருந்தே பிறக்கிறது என்று 1895-ல் ஜெர்மனியில் மார்ஷண்ட் நிலைநாட்டினார். அதே 1895-ல் பீமவரத்தில் பிறந்தார் எல்லாப்பிரகட சுப்பாராவ். நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போனவர். அவருடைய ஆராய்ச்சிக் குழுவிலிருந்து வந்த மருந்துதான் மெதோட்ரெக்ஸேட். 1956-ல் லீ, ஹெர்ட்ஸ் என்ற இருவர் அந்த மருந்தைக் கொண்டு இந்தப் புற்றுநோயை அடக்கிக் காட்டினார்கள். அதைப் பார்க்கச் சுப்பாராவ் இல்லை, 1948-லேயே காலமாகிவிட்டார்.

மருந்து கிடைத்தது, ஆனால் எது கொடியது, எது சாது என்று பிரித்தறிய வேண்டாமா? நஞ்சுக்கொடி இருந்த இடத்தில் தோன்றும் ஒரு கட்டியை 1976-ல் 'போலிக்கட்டி' என்றே அழைத்தார்கள். அதனால் சிலர் இறந்தார்கள். 1981-ல் 'போலி' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். பிறகு 1990-ல் யங், கர்மன், ஸ்கல்லி என்ற மூவர் இன்னொன்றைத் தனியே பிரித்துக் காட்டினார்கள். கர்ப்பம் முடிந்து மாதங்களோ வருஷங்களோ கழித்துக் கண்ணில் படும் மிகச் சிறிய முடிச்சு அது. தெளிந்த எல்லையுடன் இருக்கும். அதன் உயிரணுக்கள் பெருகித் தசையைத் துளைப்பதில்லை. இதைக் கட்டி என்று தவறாக எண்ணினால், ஒரு பெண் காரணமில்லாமல் கருப்பையையே இழக்க நேரும்.

ஆகவே 'தீங்கில்லை' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனையோ பேருடைய உழைப்பும், பெயர் தெரியாத எத்தனையோ பெண்களின் துயரமும் இருக்கின்றன. கலைந்ததுதானே என்று எடுத்ததை எறிந்துவிடாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அதனால்தான். முத்துப்பிள்ளை என்று தெரிந்தாலோ, அதை அகற்றிய பின்பும் ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அடங்கும்வரை விடாமல் சோதிக்க வேண்டும். நூற்றுக்குப் பதினைந்து இருபது பேருக்கு மருந்து தேவைப்படும். காலத்தில் கண்டால் ஏறக்குறைய எல்லோருமே பிழைத்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்படியானால் இது அந்தக் குழந்தை இருந்த இடத்தின் வடுவா, மாமா?" என்றாள்.

"ஆமாம், அம்மா. வடுதான்" என்றேன்.

பாட்டி எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்த மாசம் பிறந்திருக்க வேண்டியது?" என்று மெல்லக் கேட்டாள். இரண்டு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.