இருளின் இளவரசனும் வரையப்படாத ஒயரும்

பழைய ஆங்கிலேயக் கார்களை நேசிப்பவர்களிடையே நெடுங்காலமாகச் சுற்றிவரும் கேலி ஒன்று உண்டு. ஜோசஃப் லூகாஸுக்கு அவர்கள் சூட்டிய பட்டம் 'இருளின் இளவரசன்'. அவர் பெயர் தாங்கிய விளக்கு ஸ்விட்சுக்கு மூன்று நிலைகளாம்: மங்கல், மினுக்கல், அணைந்தது. விளக்கு செய்து பேர்பெற்ற ஒரு மனிதரின் பெயர் இருட்டுக்கு மறுபெயராக ஆனது எப்படி? அந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. எவ்வளவு உண்மை, அது யாரைச் சேர வேண்டும் என்பதை அறிய வரலாற்றையும் ஒயரையும் சேர்த்தே பின்தொடர வேண்டியிருக்கிறது.

1834இல் பிறந்த லூகாஸ், 1860 வாக்கில் பர்மிங்ஹாமின் ஹாக்லி பகுதியில் தள்ளுவண்டியில் மண்ணெண்ணெய் விற்றவர். பின்னர் மகன் ஹாரியோடு சேர்ந்து விளக்குகள் செய்தார். பெரிய முன்சக்கரம் கொண்ட மிதிவண்டிகளின் அச்சில் தொங்கிய 'கிங் ஆஃப் த ரோட்' என்னும் எண்ணெய் விளக்கு நிறுவனத்தைப் புகழ்பெறச் செய்தது. 1902இல் அவர் மறைந்தபோது கார்களின் முன்விளக்குகளில் பெரும்பாலும் எண்ணெயும் அசிட்டிலின் வாயுவுமே எரிந்துகொண்டிருந்தன. இன்று பலரும் திட்டிக்கொண்டே பழுதுபார்க்கும் மின்சாதனங்கள் எதையும் அவர் கண்டதில்லை.

மின்சாரம் பிறகுதான் வந்தது. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டரை 1912ஆம் ஆண்டு மாடலில் காடிலாக் பொருத்தியது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1913இல் கார்களுக்கான மின்விளக்குத் தொகுதியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் லூகாஸ் நிறுவனம் வளர்ந்து, 1926இல் தன் போட்டியாளர்களான சிஏவி, ரோடாக்ஸ் இரண்டையும் வாங்கிக்கொண்டது. வாகன மின்சாதனச் சந்தையில் அதன் ஆதிக்கம் 1963இல் அந்நாட்டு ஏகபோக ஆணையத்தின் அறிக்கைக்கே பொருளாகும் அளவுக்குப் பெரிதாயிற்று. ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஒரே பெயர் இருந்தால், எல்லாப் பழுதுகளிலும் அந்தப் பெயர்தானே இருக்கும்? கேலியின் முதல் வேர் இங்கே இருக்கிறது.

இரண்டாவது வேர் சிக்கனம். மின்சாரம் போவதற்கு ஓர் ஒயரும் திரும்புவதற்கு ஓர் ஒயரும் தேவை. ஆனால் காரின் உடலே இரும்பு. திரும்பும் ஒயரை நீக்கிவிட்டு அந்த வேலையை உடலிடமே ஒப்படைத்தால் செம்பு மிச்சம், உழைப்பும் மிச்சம். இதைத்தான் நம் மெக்கானிக்குகள் 'எர்த்' என்கிறார்கள். கார் புதிதாக இருக்கும்வரை இது அழகான ஏற்பாடு. முப்பது மழைக்காலங்களுக்குப் பிறகு, விளக்குக்கும் உடலுக்கும் இடையில் துருவும் பெயிண்டும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வரைபடத்தில் இந்தத் திரும்பும் பாதை கோடாக வரையப்படுவதில்லை. ஒரு சின்னக் குறியோடு முடிந்துவிடும். வரையப்படாத அந்த ஒயர்தான் முதலில் அறுகிறது.

அறுந்தால் நடப்பது விசித்திரமானது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்கும். பேய் பிடித்ததோ என்று தோன்றும். காரணம் எளிது. திரும்ப வழியில்லாத மின்சாரம், பக்கத்திலிருக்கும் இன்னொரு பல்பின் இழை வழியாகப் புகுந்து வேறோர் எர்த்தைத் தேடிப் போகிறது. பல்பை மாற்றினால் தீராது. பாட்டரியின் எர்த் முனையிலிருந்து தனி ஒயர் ஒன்றை இழுத்து விளக்கின் உலோகக் கூட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். விளக்கு பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். கூடு உடலைத் தொடும் இடத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தால் போதும்.

முன்விளக்கின் மங்கல் இதைவிட ஆபத்தானது, ஏனெனில் அது மெதுவாக வருகிறது. இழை பல்பின் ஒளி, வோல்டேஜ் குறையும் விகிதத்தைவிட வெகுவேகமாகக் குறையும். வழியில் 10 சதவீத வோல்டேஜ் தொலைந்தால், ஒளியில் ஏறத்தாழ 30 சதவீதம் தொலைந்துவிடும். அக்காலக் கார்களில் ஒயர்களை இணைத்தவை, ரப்பர் உறைக்குள் செருகப்படும் தோட்டா வடிவ முனைகள். ஒவ்வொன்றிலும் களிம்பேறினால் ஒவ்வொன்றும் சிறிது பிடித்துக்கொள்ளும். மணிக்கு 60 கிலோமீட்டரில் கார் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டருக்கு மேல் கடக்கிறது. இருட்டான சாலையில் ஓரமாக நடந்துவரும் ஒருவருக்கும் ஓட்டுநருக்கும் இடையில் இருப்பது அந்தத் தேய்ந்த ஒளி மட்டுமே. நகைச்சுவை முடிந்துபோகிற இடம் இது.

குறைகள் வடிவமைப்பிலும் இருந்தன. 1962இல் வந்த எம்ஜிபி காரில் இரண்டே ஃப்யூஸ்கள். முன்விளக்குகளுக்கு ஃப்யூஸே இல்லை. பாட்டரியின் பாசிடிவ் முனை உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. 1967இல்தான் அந்தக் காரில் இது நெகடிவாக மாறியது. இதையறியாமல் பழைய காரில் புதிய ரேடியோவைப் பொருத்தினால் அதன் டிரான்சிஸ்டர்கள் கருகும்.

ஆயினும் அதே பிரிட்டிஷ் மரபு ஒரு கொடையும் தந்தது: ஒயர்களின் நிற மொழி. பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை, சாவி திருப்பிய பின் உயிர்பெறுவது, பச்சை, அதன்பின் ஃப்யூஸைக் கடந்தது, நீலம், முன்விளக்கு, சிவப்பு, பின்விளக்கு, கறுப்பு, எர்த். இதை மனப்பாடம் செய்தவருக்கு வரைபடம் இல்லாமலேயே பாதி வழி தெரியும்.

இந்த மொழி பேசிய குடும்பம் இந்தியாவுக்கும் வந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசை 1950களின் இறுதியில் அம்பாசடராக மறுபிறவி எடுத்து 2014 வரை உற்பத்தியில் இருந்தது. சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் நிறுவனத்தால், பேருந்தில் போகிறவர்களுக்கு லூகாஸ் என்பது முதலில் ஒரு நிறுத்தத்தின் பெயர். அங்கே இறங்கியவர்களில் எத்தனை பேர் ஹாக்லித் தெருவில் மண்ணெண்ணெய் விற்றவரை நினைத்திருப்பார்கள்?

ஒரு பொருள் அதைச் செய்தவர்கள் எண்ணிய காலத்தைத் தாண்டி உழைக்கும்போது, அதன் பழுதுகளுக்குச் செய்தவர்களை மட்டும் பழிப்பது எளிது. ஐம்பது ஆண்டு காத்திருந்த துருவுக்கு யார் பெயரை வைப்பது? அடுத்த முறை ஒரு பழைய காரின் விளக்கு மங்கினால் லூகாஸைத் திட்டும் முன் ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எர்த்தைத் தேடுங்கள். பெரும்பாலும் ஒளி அங்கேதான் சிக்கிக்கிடக்கிறது.