குழித்துறைச் சபைகளில் வரலாற்றுத் தேடல்

குழித்துறை, மார்த்தாண்டம் பகுதியின் பழைய சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் லண்டன் மிஷன் வழிவந்தவை. மயிலாடி மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் தென் திருவிதாங்கூர் வந்த அந்த மிஷனின் ஊழியர் ரிங்கல்தௌபே, 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுப்பினார். பின்வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலிலும், 1828 முதல் நெய்யூரிலும் பணியாற்றினார். ஊழியம் மேற்கே பரவியது.

1908-இல் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும், லண்டன் மிஷன் சபைகள் உள்ளிட்ட காங்கிரிகேஷனல் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. 1947 செப்டம்பர் 27 அன்று அது தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தது. ஆகவே ஒரே சபையின் வரலாறு மூன்று பெயர்களில் பதிவாகியிருக்கக்கூடும்.

அந்த வரலாற்றைத் தேடுவோருக்கு அடிக்கல், கல்லறை, ஞானஸ்நானப் பதிவேடு, நிலப் பத்திரம் ஆகியவையே புதையல். 1956 நவம்பர் 1 வரை குழித்துறை அடங்கிய விளவங்கோடு தாலுகா திருவிதாங்கூர் பகுதியிலேயே இருந்ததால், பழைய பத்திரங்களில் மலையாளமும் கொல்லம் ஆண்டும் வரும். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. எனவே ஆவணி முதல் டிசம்பர் வரையான தேதிக்கு 824-உம், ஜனவரி முதல் ஆடி வரையான தேதிக்கு 825-உம் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். கொல்லம் 1083 மாசி என்றால் 1908. கல்லில் உள்ள ஆண்டைப் பதிவேட்டோடு ஒப்பிட்ட பிறகே சபையின் வயதை உறுதிசெய்வது முறை.