யூரீட்டர் வழிவிடுமா? கல்லடைப்பு அறுவையில் முன்கணிப்பின் வரலாறு

கல்லடைப்புக்காக வயிற்றைக் கிழிப்பது இன்று அரிது. சிறுநீர் வரும் வழியிலேயே மெல்லிய கருவியைச் சிறுநீர்ப்பைக்குள்ளும், அங்கிருந்து சிறுநீரகத்துக்குச் செல்லும் குழாயான யூரீட்டருக்குள்ளும் ஏற்றி, லேசரால் கல்லை உடைத்துவிடுகிறார்கள். ஆனால் எல்லா யூரீட்டரும் கருவிக்கு வழிவிடுவதில்லை. வழிவிடாததை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி வளர்ந்த விதத்தை மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள ரிங்லெட்டில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரிங்லெட்டுக்கு இந்தக் கேள்வி கூடுதலாகவே உறைக்கும். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறினால் முதலில் வரும் ஊர் அது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் பக்கத்தில்தான். மாவட்ட மருத்துவமனை மேலே தானா ராத்தாவில் இருக்கிறது. இத்தகைய அறுவைக்கு மலையிறங்கியாக வேண்டும். அறுவை பாதியில் நின்றால் அதே வளைவுச் சாலையில் இன்னொரு பயணம், துணைக்கு வருபவருக்கும் சம்பளம் போகும்.

கேள்வியின் வேர் பழையது. 1912-இல் மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் ஒரு குழந்தையின் யூரீட்டருக்குள், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியான சிஸ்டோஸ்கோப்பைச் செலுத்தினார். பிறவி அடைப்பால் அந்தக் குழாய் பெரிதாக விரிந்து கிடந்ததால்தான் கருவி போயிற்று. குழாயின் அகலமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது முதல் நிகழ்விலேயே தெரிந்துவிட்டது. அதை அளக்கத்தான் வழியில்லை. 1964-இல் விக்டர் மார்ஷல் வளையும் ஒளியிழைக் கருவியைப் பயன்படுத்தினார். 1980-இல் மத்ரித்தின் பெரெஸ்-காஸ்ட்ரோ சிறுநீரகம்வரை எட்டும் நீளக் கருவியைக் கொண்டுவந்தார். 1981-இல் தாஸ் என்ற மருத்துவர், நேரில் பார்த்தபடியே கல்லை எடுத்ததைப் பதிவுசெய்தார். அன்றைய கருவிகள் சுமார் 4 மி.மீ. தடிமன், யூரீட்டரின் உள்ளகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சிரமம் உள்ளே போன பிறகுதான் தெரியவரும்.

அதே 1981-இல், கோலாலம்பூரில் சிறுநீரியல் (யூராலஜி) துறையைக் கட்டியெழுப்பிய டாக்டர் ஜி. ஸ்ரீநிவாசன், தீபகற்ப மலேசியாவின் கல் நோய்க் கணக்கை மாநில வாரியாக வெளியிட்டார். எங்கே, எவ்வளவு கல் வருகிறது என்பதே அப்போதைய கேள்வி, அறுவை எப்படிப் போகும் என்பதல்ல.

திருப்பம் 1995-க்குப் பிறகு வந்தது. சாய மருந்து ஏற்றாத சிடி ஸ்கேன் கல்லின் இடம், நீளம், அடர்த்தி மூன்றையும் அறுவைக்கு முன்பே காட்டியது. பிறகு, அறுவையின் விளைவைக் கணிக்கும் மதிப்பெண் முறைகள் கிளம்பின. 2013-இல் ஜப்பானின் இமாமுரா குழு கல்லின் நீளம், எண்ணிக்கை, இருப்பிடம், சிறுநீரில் சீழணு ஆகிய நான்கைக் கொண்டு ஒரு கணிப்பு வரைபடம் தந்தது. 2014-இல் ‘ஸ்டோன்’ மதிப்பெண் வந்தது.

இவற்றில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இவை சொல்வது கல் முழுதாக நீங்குமா என்பதை. கருவி மேலே ஏறுமா என்பதை அல்ல. நாள்பட்டுப் பதிந்த கல்லைச் சுற்றிச் சவ்வு வீங்கிவிடும், வழிகாட்டிக் கம்பிகூடக் கல்லைத் தாண்டாது. அங்கே பலம் காட்டினால் யூரீட்டர் கிழியும். அறுந்தே கையோடு வந்ததும் உண்டு. கல் இப்படிப் பதிந்திருப்பதற்கு நெருங்கிய அறிகுறியாக அடுத்த சில ஆண்டுகளில் எழுந்தது, கல் இருக்கும் இடத்தில் யூரீட்டர் சுவரின் தடிப்பை ஸ்கேனில் அளப்பது. ஆனால் கல்லுக்குக் கீழே குழாய் இயல்பாகவே ஒடுங்கியிருந்தால் அந்த அளவும் உதவாது.

இப்படிக் கருவி ஏறாதபோது அனுபவசாலி மருத்துவர் முரண்டு பிடிக்காமல், டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை யூரீட்டரில் வைத்துவிட்டு வெளியேறுவார். ஓரிரு வாரத்தில் யூரீட்டர் தளரும். 2013-இல் ஆய்வாளர்கள் டிராக்ஸரும் தாமஸும் 359 பேரிடம் பார்த்ததில், முன்பே ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு, கருவிக்கு வழியமைக்கும் நுழைவு உறையால் நேரும் கடுமையான சுவர்க் காயத்தின் ஆபத்து ஏழு மடங்கு குறைந்திருந்தது. ஆக இரண்டு தடவை அறுவை என்பது தோல்வி அல்ல. ரிங்லெட்காரருக்கு அதை மலையிறங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கருவி ஏறாவிட்டாலும், கல் முழுதாக நீங்காவிட்டாலும் இரண்டாவது பயணம் வரலாம். பின்னதைக் கணிக்கும் இமாமுராவின் நான்கில் சீழணுவைச் சாதாரண சிறுநீர்ச் சோதனையே காட்டும். எக்ஸ்ரேயில் தெரியும் கல்லானால் இடமும் நீளமும் தோராயமாகக் கிடைக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதும் மருத்துவர் இவற்றைப் பார்த்தே, இரண்டு பயணத்துக்கு விடுப்பு கேட்டு வைக்கும்படி குடும்பத்திடம் சொல்லிவிடலாம்.