தக்கலைப் பக்கம் நான்கு நாள்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் இரவுதான் தங்குகிறார்கள். மாலையில் சூரியன் மறைவது, காலையில் உதிப்பது, நடுவில் விவேகானந்தர் பாறைக்குப் படகு. மதியம் சாப்பிட்டதும் ரயிலேறி விடுகிறார்கள். வழியில் சுசீந்திரத்தில் இறங்கியவர்கள் கொஞ்சம் புண்ணியவான்கள். ஆனால் நம் மாவட்டத்துச் சரித்திரத்தில் பாதி, மேற்கே தக்கலையைச் சுற்றிய கிராமங்களில் அல்லவா கிடக்கிறது? இதை நான் பல காலமாகச் சொல்லி வருகிறேன். காரைக்காலில் பிறந்து இங்கே மருமகனாக வந்தவன் பேச்சை யார் கேட்கிறார்கள்!

போன தை மாதம் பிரான்சிலிருந்து என் பெரியப்பா மகன் வந்தார். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அங்கே விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏதாவதொரு கிராமத்தில் வீடு பிடித்துத் தங்கி, தினம் ஒரு திசையாகப் போய்ச் சுற்றுப்பட்டு ஊர்களைப் பார்த்து வருவார்களாம். ஸ்பெயின் நாட்டுக் கிராமத்தில்கூட அவர் அப்படித் தங்கியிருக்கிறார். "லாட்ஜ் வேண்டாம் தம்பி, அந்த மாதிரி வீடு ஒண்ணு பாரு" என்றார். குமாரகோவில் பக்கம் என் மனைவியின் பூர்வீக ஓட்டு வீடு சும்மாதான் கிடந்தது. பெருக்கி மெழுகி, இரண்டு கட்டில் போட்டோம். வாசலில் மட்டிப்பழக் குலை, பின்னால் வேளிமலை. அண்ணனுக்கு வேறென்ன வேண்டும்?

முதல் நாள் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை மூடியிருக்கும், நினைவில் வையுங்கள். கல்குளம் என்றிருந்த ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது மார்த்தாண்ட வர்மா காலத்தில். அவர் 1729 முதல் 1758 வரை ஆண்டவர். 1750இல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, தாசனாக நின்று ஆண்டார். அந்த நூற்றாண்டின் முடிவில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அரண்மனையை மட்டும் இன்றும் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. மண் நம்முடையது, வீடு அவர்களுடையது.

சீட்டுக் கவுண்டரில் ஒரு சங்கடம். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம். அண்ணன் வேட்டி கட்டியிருந்தார், தமிழில்தான் பேசினார், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் சிவப்பு பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டி வெளிநாட்டுச் சீட்டே வாங்கினார். நான் தடுக்கவில்லை.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. காரைக்காலில் கொடி மாறியது 1954 நவம்பர் 1. உங்களுக்கும் எங்களுக்கும் தேதி ஒன்று, வருஷம்தான் வேறு. இங்கே அதே 1954இல் ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போனதை நீங்கள் நேரிலேயே அறிவீர்கள். எங்கள் ஊரில் சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்டு 16 வரை ஆனது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரியப்பா கையெழுத்துப் போட்டார். அப்பா போடவில்லை. அதோடு ஒரு வீடு இரண்டாயிற்று. பிறகு அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இரண்டாம் நாள் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது, பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உள்ளே இப்போது வனத்துறைப் பூங்கா. மான் பார்க்கப் பிள்ளைகள் வருகிறார்கள். நாங்கள் போனது கூரையில்லாத சிறு கோவிலுக்குள் இருக்கும் ஒரு கல்லறையைப் பார்க்க. ஊரார் டிலனாய் என்பார்கள், பழையவர்கள் வலிய கப்பித்தான் என்பார்கள். அண்ணன் பெயரைப் படித்தவுடன் "த லானுவா!" என்றார். எனக்கும் பள்ளிக்கூடத்து உச்சரிப்பு நாக்கில் வந்துவிட்டது. காவலாளி எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

நம்மில் பலர் அவரை டச்சுக்காரர் என்றே நினைக்கிறோம். டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தார், அவ்வளவுதான். பிறந்தது 1715இல், அராஸ் என்ற ஊரில். அது அப்போதே பிரெஞ்சு ராஜாவின் ஆட்சியில் இருந்தது. மிளகுக்காகத் திருவிதாங்கூரோடு மோதிய டச்சுக்காரர்கள் 1741 ஆகஸ்டில் குளச்சலில் தோற்றார்கள். சரணடைந்தவர்களில் இவரும் ஒருவர், வயது இருபத்தைந்து. மார்த்தாண்ட வர்மா அவரைச் சிறையில் அழுக விடாமல், தம் படையைப் பழக்கச் சொன்னார். ஐரோப்பியக் கவாத்து, துப்பாக்கி, பீரங்கி எல்லாம் அவர் கையால் வந்தன. இந்தக் கோட்டையைக் கல்லால் திருத்திக் கட்டி, உள்ளேயே பீரங்கி வார்க்கும் பட்டறை வைத்தார்.

எங்கள் பள்ளியில் டூப்ளேயின் கதையைத் தலைகீழாக ஒப்பிப்போம். அவர் புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தது 1742, குளச்சலுக்கு மறு வருஷம். ஒரு ஐரோப்பியக் கம்பெனியை நம் கடற்கரையில் ஓர் அரசர் முறியடித்த அந்தப் போரைப் பற்றி எங்கள் வாத்தியார் ஒரு வரி சொன்னதில்லை.

கல்லில் லத்தீனும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. பள்ளியில் படித்த அரைகுறை லத்தீனை வைத்து இருவரும் எழுத்துக்கூட்டினோம். வழிப்போக்கனை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. சுமார் 37 ஆண்டு ராஜாவுக்கு விசுவாசமாக உழைத்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரை அடக்கியதையும் சொல்லி, 1777 ஜூன் 1 அன்று காலமானதில் முடிகிறது. பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும் கல்லறைகள். இவரோடு பழகிக் கிறிஸ்தவரான அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளைதான் தேவசகாயம் பிள்ளை. 1752இல் ஆரல்வாய்மொழிக் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அண்ணன் ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். "இவரு திரும்பிப் போகவே இல்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "யாராவது போக விடலையா, இவரே போகலையா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்சம் கழித்து, "அப்பாவைப் பாரிசுலதான் புதைச்சோம். கல்லுல தமிழ் போடணும்னு சொல்லியிருந்தாரு. நாங்க போடலை" என்றார். அறுபது வருஷமாகப் பெரியப்பா எங்களை மறந்துவிட்டார் என்றல்லவா எங்கள் வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்!

மூன்றாம் நாள் சிதறால் மலை. பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னர் காலத்துக் கல்வெட்டும் உண்டு, பின்னாளில் பகவதி கோவிலாயிற்று. பாதிப் படியில் என் முழங்கால் மறுத்துவிட்டது, அண்ணன்தான் மேலே போய் வந்தார். திரும்பும்போது மாத்தூர் தொட்டிப்பாலம். பறளியாற்றின் மேல் 28 தூண்களில் 115 அடி உயரத்தில் தண்ணீர் ஓடுகிறது. காமராசர் காலத்துத் திட்டம், 1966இல் முடிந்தது. கீழே சாயாவும் ரசவடையும் அருமை.

நான்காம் நாள் பேச்சிப்பாறை. 1906இல் முடிந்த அணை, மூலம் திருநாள் மகாராஜா காலம். கட்டிய என்ஜினீயர் மிஞ்சின் துரையும் அங்கேயேதான் அடங்கியிருக்கிறார். அண்ணன் சிரித்தார்: "உங்க ஊருக்கு வந்தவன் ஒருத்தனும் திரும்ப மாட்டான் போலிருக்கே!"

நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரசுவதி யானை மேலேறித் திருவனந்தபுரம் போவதையும், வேளிமலைக் குமாரரும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடச் செல்வதையும், களியக்காவிளையில் கேரளப் போலீஸ் வரவேற்பதையும் ஊருக்குப் புறப்படுகிற அன்று அவருக்குச் சொன்னேன். அதைப் பார்க்கப் புரட்டாசியில் வருகிறாராம், இம்முறை இரண்டு மாதத்துக்கு. ஓட்டு வீட்டில் கொசுவலை கட்டச் சொல்லி என் மனைவி ஆள் அனுப்பிவிட்டாள்.