வாரமா, தீர்வையா: 1856ஆம் ஆண்டு மடல் ஒன்றை முன்வைத்து

ரிக்கார்டோவின் வாரக் (rent) கோட்பாடு இந்திய நிலவரி முறைக்குள் எப்படிப் புகுந்தது என்று கேட்டால் ஆய்வாளர்கள் இன்றும் எரிக் ஸ்டோக்ஸின் பக்கமே கை காட்டுகிறார்கள். ஆங்கிலப் பயன்வாதிகளைப் பற்றி 1959இல் அவர் வெளியிட்ட நூல் அவ்வளவு வலிமையானது. அண்மைக் காலத்தில் ஸ்மித், மால்தஸ், ரிக்கார்டோ நூல்களிலிருந்து கருத்துகளைப் பிரித்தெடுத்து, அவை வேறு ஆவணங்களில் தென்படுகின்றனவா என்று மொழி மாதிரிகளைக் கொண்டு மதிப்பிடத் தொடங்கியிருக்கிறோம். ஸ்டோக்ஸ் கையால் செய்த வேலையை இயந்திரத்திடம் ஒப்படைக்கிறோம். அவருடைய வாசிப்பில் உள்ள ஒரு குறையையும் சேர்த்தே ஒப்படைக்கிறோம் என்பதுதான் என் கவலை.

ஸ்டோக்ஸின் சங்கிலி இது: ரிக்கார்டோவின் நூல் 1817இல் வருகிறது. அவருடைய நண்பர் ஜேம்ஸ் மில் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் சேர்கிறார். மால்தஸிடம் ஹெய்லிபரியில் பயின்ற பிரிங்கிள், புனே பகுதியில் நில அளவை நடத்தி, நிகர விளைச்சலில் 55 விழுக்காட்டை அரசின் பங்காக வைக்கிறார். பம்பாய் மாகாணத்தைப் பொறுத்தவரை இதில் எனக்கு மறுப்பில்லை. ஆட்கள், ஆண்டுகள், அலுவலகங்கள் எல்லாம் பொருந்துகின்றன. பிரிங்கிளின் திட்டம் தோற்று, 1835 முதல் கோல்ட்ஸ்மிட்டும் விங்கேட்டும் வேறு வழியில் போனதையும் ஸ்டோக்ஸ் மறைக்கவில்லை.

சிக்கல் சென்னை மாகாணத்தில் வருகிறது. இங்கே ரயத்வாரியை, அதாவது குடிகளிடம் அரசு நேரடியாகத் தீர்வை வாங்கும் முறையை, வளர்த்த மன்றோவை ஸ்டோக்ஸே பயன்வாதிகளோடு சேர்க்கவில்லை. ஆனாலும் அவருடைய சட்டகத்தை எடுத்துக்கொண்டவர்கள் ‘நிகர விளைச்சல்’ என்ற பேச்சு எங்கே வந்தாலும் அதை ரிக்கார்டோவின் வாரிசாக்கிவிடுகிறார்கள். காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. பாராமகாலில் ரீடும் மன்றோவும் வயல்வாரியாகத் தீர்வை வைக்கத் தொடங்கியது 1792க்குப் பிறகு. அதே ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கம்பெனி கைக்கு வந்த திண்டுக்கல் சீமையில் ஹர்டிஸ் நிலத்தை அளந்ததும் ரிக்கார்டோ எழுதுவதற்கு வெகு முன்னரே. மன்றோ 1807இல் பரிந்துரைத்தது மொத்த விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு, நிகரத்தில் அல்ல. அரசின் பங்கான பழைய மேல்வாரமும் களத்தில் குவிந்த தானியத்தில் பங்குதான். மன்றோவின் கணக்கு களத்துமேட்டுக்கு நெருக்கமானது, லண்டனுக்கு அல்ல.

இனி மடலுக்கு வருகிறேன். சென்னை மாகாணத்தில் புதிதாக அளவையும் செட்டில்மெண்டும் செய்யும் திட்டத்தை ஒட்டி, கம்பெனி இயக்குநர்கள் 1856 டிசம்பர் 17 தேதியிட்டு அனுப்பிய மடல் அது. ரொமேஷ் சந்திர தத் தம் பொருளாதார வரலாற்றில் அதைக் கவனப்படுத்தியிருக்கிறார். சாகுபடிச் செலவும் முதலுக்கான ஆதாயமும் போக எஞ்சுவது முழுவதும் வாரம் என்று மடல் வரையறுக்கிறது. அடுத்து, அரசுக்கு உரியது அந்த வாரம் அல்ல, நிலத்தீர்வை மட்டுமே என்கிறது. பயிரிடுவோர் கையில் வாரம் என ஒரு மிச்சம் நிற்கும்படி தீர்வை இலேசாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த மடலை ஒரு மொழி மாதிரியிடம் கொடுத்து, ரிக்கார்டோவின் வாரக் கருத்து இதில் உள்ளதா என்று மட்டும் கேட்டால், உள்ளது என்ற விடையே வரக்கூடும். வரையறை முழுக்க அங்கே இருக்கிறதே! சொல் ஒற்றுமையை மட்டும் அளந்தால் மடலுக்கு உயர்ந்த மதிப்பெண்தான் கிடைக்கும். ஆனால் அந்த வரையறை அங்கே வந்திருப்பது மறுக்கப்படுவதற்காக. வாரம் முழுவதையும் அரசு எடுக்கலாம் என்று மில் முன்வைத்த கருத்துக்கு நேர் எதிரான முடிவு அது. கருத்து ஓர் ஆவணத்தில் இருப்பதும், அதை அந்த ஆவணம் ஏற்பதும் வேறு வேறு. மதிப்பீட்டில் இவ்விரண்டுக்கும் தனித்தனிக் கேள்வி வேண்டும்.

மடலை வரைந்தது யார்? மில்லின் மகன் ஜான் ஸ்டூவர்ட் மில் அதே 1856இல்தான் கடிதப் போக்குவரத்துக்குத் தலைமை ஏற்றார். தந்தையின் கொள்கையை மகனின் அலுவலகம் கைவிட்டது என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவருடைய பணி பெரும்பாலும் சுதேச அரசுகள் பற்றிய கடிதங்களில் இருந்தது. ஆகவே அதை நான் வாதமாக வைக்கவில்லை.

ஸ்டோக்ஸ் பக்கம் நிற்பவர்களுக்குக் கிடைக்கும் மிக வலுவான சான்று 1864. அந்த ஆண்டில் நிகர விளைச்சலில் பாதியே தீர்வை என்ற விதி சென்னைக்கு வந்தது. மண் வகை பிரித்து, அறுவடை செய்து பார்த்து, பஞ்ச ஆண்டுகளை நீக்கிய இருபது ஆண்டு விலைச் சராசரியால் பெருக்கி, பருவக் கோளாறுக்கும் சாகுபடிக்கும் கழித்து, எஞ்சியதில் பாதியைத் தரம் தரமாக எழுதினார்கள். பார்வைக்கு இது ரிக்கார்டோவின் கணக்குத்தான். இங்கே நான் உறுதியாகவே மறுக்கிறேன். ரிக்கார்டோவின் முறையில் சாகுபடியின் விளிம்பில் உள்ள நிலம் வாரமே தராது. மற்ற நிலத்தின் வாரம் அதிலிருந்துதான் அளக்கப்படுகிறது. சென்னைக் கணக்கில் கடைசித் தரமும் தீர்வை கட்டியது. விளிம்பு நிலம் இல்லாத ஒன்றை ரிக்கார்டோவின் வாரம் என்று எப்படி அழைப்பது? 1856க்கும் 1864க்கும் இடையே எந்தப் புள்ளியில் பேச்சு நிகரத்தின் பக்கம் மீண்டும் சாய்ந்தது என்பதை இந்த இரு ஆவணங்களைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது.

ரிக்கார்டோவின் வாரம் இங்கே எவ்வளவு பொருந்தும் என்பதற்குப் பழனி அருகே உள்ள ஆயக்குடி நல்ல உரைகல். பாளையமாக இருந்து ஜமீனாகத் தொடர்ந்த ஊர் அது. ரயத்வாரித் தரக்கணக்கு ஜமீன் நிலத்தை நேரடியாகத் தொடவில்லை. ஜமீன்தார் அரசுக்குப் பேஷ்குஷ் என்ற கப்பம் கட்டினார், குடிகள் ஜமீனுக்குக் கட்டினார்கள். ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1948இல். ரிக்கார்டோ வாரத்தை மண்ணின் அழியாத இயல்புக்கான விலையாகக் கண்டார். பழனி மலை அடிவாரத்தில் நிலத்தின் மதிப்பைப் பெரும்பாலும் தீர்மானித்தவை குளமும் கிணறும். இன்றைய கொய்யாத் தோப்புகளிலும் அதையே பார்க்கிறோம். வெட்டிய கிணற்றின் பலன் வாரமா, முதலின் ஆதாயமா? அந்த வரையறைப்படி பார்த்தால் அது முதலின் பக்கமே சேரும். ‘வாரம்’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போடும் மாதிரி இந்த வேறுபாட்டைத் தவறவிடும்.

பதிப்பு வேறுபாடும் இப்படித்தான். இயந்திரங்கள் பற்றிய அத்தியாயத்தை ரிக்கார்டோ 1821ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார். இயந்திரம் தொழிலாளருக்குத் தீங்காகலாம் என்று அங்கே தம் பழைய நிலையை மாற்றிக்கொண்டார். பதிப்பைக் குறிக்காமல் ‘ரிக்கார்டோவின் கருத்து’ என்று பிரித்தெடுப்பது பயனற்றது.

தமிழில் இத்தகைய மதிப்பீட்டைத் தொடங்கும் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். சோதனைத் தொகுப்பின் முதல் வரிசையிலேயே 1807 பரிந்துரையையும் 1856 மடலையும் 1864 விதியையும் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, எழுதியவர், பெற்றவர், பணம் கட்டியவர் ஆகிய விவரங்களைச் சேருங்கள். மடல் வாரத்தை அரசுக்கு மறுக்கிறது என்று கண்டுகொள்ளாத மாதிரியின் மற்ற மதிப்பெண்களை ஏற்காதீர்கள்.