மனைவி என்பதற்குச் சான்று

தரங்கம்பாடிக்கு அருகே தில்லையாடியில் வள்ளியம்மையின் நினைவு மண்டபம் இருக்கிறது. அவர் கதை பாடப்புத்தகம் வழியாக நமக்கெல்லாம் தெரியும். ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்தவர், தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் சிறை சென்றார், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். தேசத்துக்காக உயிர்கொடுத்த தஞ்சைத் தரணியின் மகள் என்று மேடைகளில் சொல்கிறோம். அவரும் அவருடைய தாயும் எதை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. கணவனிடம் போய்ச் சேர வந்த ஒரு மனைவியை நாட்டுக்குள் விட மறுத்த தீர்ப்புதான் அந்தப் போராட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தது.

அந்தத் தீர்ப்பு 1913 மார்ச் 14 அன்று கேப் மாகாணத்தின் உச்ச நீதிமன்றத்தில் வந்தது. ஹசன் ஈசப் அங்கே வசிக்கும் உரிமை பெற்றவர். இந்தியாவிலிருந்து வந்த அவருடைய மனைவி பாய் மரியத்துக்கு அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். பலதார மணத்துக்கு இடமளிக்கும் சமயத்தின் முறைப்படி நடந்த திருமணம் குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் திருமணமாகாது என்றார் நீதிபதி ஸேர்ல். ஒரு மனைவியைப் பற்றிய தீர்ப்பு அத்தனை மனைவிகளின் தலையிலும் விழுந்தது. இந்து, முஸ்லிம், பார்சி முறைகளில் தாலி கட்டியும் நிக்காஹ் செய்தும் வாழ்ந்துவந்தவர்கள் சட்டத்தின் கணக்கில் வைப்பாட்டிகளானார்கள். அவர்களுடைய பிள்ளைகள் வாரிசுரிமை இல்லாத பிள்ளைகளானார்கள்.

பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட பதினொரு பேரில் பத்துப் பேர் தமிழ்ப் பெண்கள். ஆறு பேர் கைக்குழந்தைக்காரிகள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு பேசினார்கள், வேலைநிறுத்தம் பரவியது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது மூன்று பவுண்டு வரி இருந்தது. ஆணுக்கு 16 வயதிலும் பெண்ணுக்கு 13 வயதிலும் அது தொடங்கியது. அந்தப் பதினொரு பேரின் பட்டியலைக் காந்தி தம் நூலில் தந்திருக்கிறார். 'திருமதி தம்பி நாயுடு', 'திருமதி பெருமாள் நாயுடு' என்று பெரும்பாலும் கணவர் பெயர்களே அதில் உள்ளன. மனைவி என்ற தகுதிக்காகச் சிறை சென்றவர்கள் வரலாற்றில் மனைவிகளாக மட்டுமே பதிவானார்கள். தம்பி நாயுடுவின் மனைவிக்கு வீரம்மாள் என்று சொந்தப் பெயர் இருந்தது.

1914இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை ஒழித்தது. ஒரு மனைவிக்கும் அவளுடைய மைனர் குழந்தைகளுக்கும் வாசலைத் திறந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் குடும்பம் என்றால் யார் என்பதை அரசே எழுதிவைத்தது: ஓர் ஆண், ஒரு மனைவி, வயது வராத பிள்ளைகள். ஆணின் உரிமை வழியாகவே பெண் உள்ளே வர முடியும். இரண்டாவது மனைவி, விதவைத் தாய், வாழாவெட்டியாகத் திரும்பிய தங்கை ஆகியோருக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. இன்று உலகெங்கும் அகதிக் குடும்பங்களைச் சேர்த்துவைக்கும் சட்டங்களின் அடியில் ஏறக்குறைய இதே வாக்கியம்தான் கிடக்கிறது.

தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களையும் இந்தக் கேள்வி விடவில்லை. இலங்கையின் 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டத்தின்படி விண்ணப்பிக்க, மணமானவர் ஏழு ஆண்டும் துணை இல்லாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். விதவை மூன்று ஆண்டு கூடுதலாகக் காட்ட வேண்டியிருந்தது. மணமானவர் விண்ணப்பித்தால் மனைவியும் மைனர் பிள்ளைகளும் தொடர்ந்து அங்கேயே வசித்ததையும் நிறுவ வேண்டும். பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அந்தத் தாய்வீடு காவிரிக் கரையில் இருந்து, போனவள் நீண்ட காலம் தங்கிவிட்டால், கணவனின் மனுவே ஆட்டம் கண்டது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

பிறகு 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் பிரித்துக்கொண்டார்கள். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அக்காவுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்தது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களை ஆவணங்கள் 'தாயகம் திரும்பியோர்' என்றன. உறவைப் பிரிந்து வந்தவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தவே இல்லை.

1983க்குப் பிறகு ஈழத்துப் பெண்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருந்த கணவர்களைத் தேடிப் புறப்பட்டபோது, மேற்கின் வாசல்களில் ஏற்கெனவே ஒரு வழக்கம் ஊன்றியிருந்தது: தாள் போதாவிட்டால் பெண்ணின் உடலைச் சோதிப்பது. 1979 ஜனவரியில், நிச்சயிக்கப்பட்டவரை மணக்க லண்டன் ஹீத்ரு விமான நிலையத்தில் வந்திறங்கிய இந்திய ஆசிரியை ஒருவரைக் கன்னித்தன்மைச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். செய்தி வெளியே வந்து எதிர்ப்பு எழுந்ததும் அந்தச் சோதனையை அரசு நிறுத்தியது. இந்தியாவிலேயே விசா கேட்ட பெண்களில் குறைந்தது எண்பது பேரை இப்படிச் சோதித்தது பல ஆண்டுகள் கழித்து அரசு ஆவணங்களில் வெளிப்பட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து அதே நாட்டில் இன்னொன்று நடந்தது. கானாவுக்குப் போய்த் திரும்பிய சிறுவனை, இவன் அந்தத் தாயின் மகன்தானா என்று சந்தேகித்து அதிகாரிகள் தடுத்தார்கள். வழக்கை எடுத்திருந்தது லண்டனில் ஏழைகளுக்காக இயங்கும் ஒரு சட்ட மையம். அங்கே பணிசெய்த பெண் ஒருவர், அலெக் ஜெஃப்ரீஸ் என்ற அறிவியலாளரின் மரபணு ஆய்வைப் பத்திரிகையில் படித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். 1985இல் சோதனை முடிவு வந்தது. மகன் தாயிடம் சேர்ந்தான். நாம் குற்றப் புலனாய்வோடு மட்டும் சேர்த்து நினைக்கும் மரபணுச் சோதனை, முதன்முதலில் வழக்கு ஒன்றைத் தீர்த்தது இப்படித்தான். கூடவே ஒரு நெருடலும் பிறந்தது. 'இவன் என் பிள்ளை' என்று பெற்றவள் சொன்ன சொல் போதவில்லை; அவளுடைய இரத்தம் பேச வேண்டியிருந்தது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் குடும்பத்தோடு சேரும் உரிமை என்று ஒரு பிரிவு கிடையாது. அதை இயற்றிய மாநாட்டின் இறுதி ஆவணத்தில் குடும்பத்தைக் கட்டிக் காக்கும்படி ஒரு பரிந்துரைதான் இருக்கிறது. அதிலும் 'குடும்பத் தலைவர்' அனுமதி பெற்றிருந்தால் என்ற பேச்சு வருகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடவும் இல்லை.

தமிழ்நாட்டு முகாம்களில் இதன் விளைவைப் பார்க்கலாம். 2021இல் அரசு தந்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர். வெளியே பதிவுசெய்து வாழ்பவர்கள் 34,087 பேர். முகாமில் வாழும் ஒருத்தி, இந்தியக் குடியுரிமை உள்ள ஒருவரை மணக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்று அவள் கருதப்படும்வரை, திருமணத்தின் வழியாகக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த அவள் பிள்ளைக்கும் பிறப்பால் குடியுரிமை இல்லை. தகப்பன் குடிமகனாக இருந்தும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றில், எல்லைக்கோடு ஓடுகிறது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனையிலிருந்து விலக்கு தரும் ஆணை 2025இல் வந்தது. தண்டனை இல்லை என்பது நிம்மதி. ஆனால் அது குடியுரிமை ஆகாது.

இங்கேதான் கட்டணம் வாங்காமல் வழக்காடுபவர்களின் வேலை தொடங்குகிறது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள். முகாமில் பிறந்த ஒரு பெண் அந்த விதியைக் காட்டி, 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பாஸ்போர்ட் உரிமை பெற்றார். இந்திய வம்சாவளியினரான 65 பேரின் மனுவில் அதே கிளை 2019இல், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. ஒவ்வொரு வழக்கும் ஒரு பிறப்புச் சான்றிதழில், ஒரு மருத்துவமனைச் சீட்டில் தொங்குகிறது. அந்தச் சீட்டைப் புடவை மடிப்பில் வைத்து முகாம் முகாமாகக் காத்தது பெரும்பாலும் அம்மாதான். 1984இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் முகாம் குழந்தைகளின் பிறப்பைப் பதிவுசெய்ய இத்தனை காலம் பாடுபட்டது இதனால்தான்.

மொழியும் ஒரு தடை. பெரியம்மா வளர்த்த பிள்ளை அவரை அம்மா என்றே கூப்பிடும். ஆங்கில மனுவில் அவர் 'ஆன்ட்டி' ஆகிவிடுகிறார். 'ஆன்ட்டி'க்கு விசா கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து கல்யாணத்துக்குப் பிறகு கணவன் பெயரின் முதலெழுத்தாகிறது. இரண்டு தாள்களில் இரண்டு பெயர்கள் இருந்தால், இருவர் என்று அதிகாரி முடிவுகட்டுகிறார். இதை விளக்கி ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொடுப்பது சின்ன வேலைபோலத் தோன்றும். ஒருத்தியின் வருகை அதில்தான் நிற்கிறது.

ஸேர்லின் தீர்ப்பு தூரதேசத்துக் கொடுமை என்று நாம் ஒதுங்கவும் முடியாது. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே 1953இல் சொன்னது. இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்க 1967வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனை மனைவிகள் சான்றில்லாமல் நின்றிருப்பார்கள்?

இன்று நம் கையில் ஒரு பிடிமானம் உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வழக்குத் தொடுக்கவோ எதிர்கொள்ளவோ வேண்டிய பெண்ணுக்கும் குழந்தைக்கும், வருமான வரம்பு பார்க்காமல், இலவச சட்ட உதவி தருகிறது. குடிமகளாக இருக்க வேண்டும் என்று அந்த வரி கேட்கவில்லை. மாவட்டத்துக்கு ஓர் ஆணைக்குழு இருக்கிறது. தஞ்சாவூரிலும் நாகப்பட்டினத்திலும் திருச்சியிலும் இருக்கிறது. முகாமில் வாழும் பெண்ணுக்கு இந்த வரியை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அவளோடு கூடப் போய் மனு எழுதவும் வேண்டும். வள்ளியம்மையின் பெயரில் மண்டபம் கட்டிய நிலத்துக்கு இது பொருத்தமான வேலை.